கேட்டால் சொல்லும் பிள்ளைகள்: வீட்டில் சேர்ந்து பார்க்க ஐந்து படங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பீரியட் ஒதுக்கிப் படியுங்கள். நடுவில் மணி அடிக்காது.

உங்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறார்கள். போனில் பேசும்போது ஒரே புகாரைப் பலரிடம் கேட்கிறேன்: "சார், பையன் முன்ன மாதிரி இல்ல. என்ன கேட்டாலும் 'ஒண்ணுமில்ல'ங்கறான்." சிலர், லீவில் பிள்ளைகளோடு பார்க்க நல்ல படமாகச் சொல்லுங்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். வரலாற்று வாத்தியார் என்பதால் ஆண்டு வரிசைப்படிதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கம்பெனிகள் எடுத்த படங்களில் பிள்ளைகள் வெகுகாலம் ஒரு வேலைக்குத்தான் வந்தார்கள். பாடுவார்கள், அழுவார்கள், பிரிந்த அப்பா அம்மாவைச் சேர்த்து வைப்பார்கள். வளரும் வயதின் குழப்பத்தை உள்ளபடி காட்டிய படங்கள் பெரும்பாலும் அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்துதான் வந்தன. கையில் பணம் குறைவு, படப்பிடிப்பு உண்மையான தெருவில், நடித்ததும் பெரும்பாலும் அதற்குமுன் நடித்திராத பிள்ளைகள்.

முதல் படம் பிரான்சில் 1933-இல் வந்த 'ஜீரோ ஃபார் கான்டக்ட்'. எடுத்தவர் ழான் விகோ. அவருடைய தந்தை அரசை எதிர்த்துச் சிறை சென்று அங்கேயே இறந்தவர். மகன் விடுதிப் பள்ளிகளில் வளர்ந்தார். நடத்தைக்குப் பூஜ்யம் மதிப்பெண் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வெளியே போகும் உரிமையை இழக்கும் விடுதிப் பையன்கள் கலகம் செய்வதே கதை. சுமார் முக்கால் மணி நேரமே ஓடும் இந்தப் படத்தைப் பிரெஞ்சு அரசு தடை செய்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் தடை நீங்கியது. விகோ அதைப் பார்க்கவில்லை. 1934-இல், 29 வயதில், காசநோயால் இறந்துவிட்டார். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் பக்கம் நிற்பவர் ஒரே ஒரு இளம் கண்காணிப்பாளர். சாப்ளின் மாதிரி நடந்து காட்டுவார், வகுப்பில் தலைகீழாக நிற்பார். இந்த ஒற்றை மனிதரை நினைவில் வையுங்கள். அடுத்த படங்களிலும் அவரைத் தேடப்போகிறோம்.

அடுத்தது அமெரிக்கா, 1953. மாரிஸ் எங்கெல், ரூத் ஓர்கின் இருவரும் புகைப்படக் கலைஞர்கள், கணவன் மனைவி. ரே ஆஷ்லி என்ற நண்பரோடு சேர்ந்து 'லிட்டில் ஃப்யூஜிட்டிவ்' எடுத்தார்கள். தோளில் மாட்டிக்கொள்ளும்படி ஒரு சிறிய கேமராவைத் தனியாகச் செய்யவைத்தார் எங்கெல். ஸ்டாண்ட் வேண்டாம், கூட்டத்துக்கும் தெரியாது. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில், விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவிலேயே படம் பிடித்தார்கள். குரல்களைப் பிறகு சேர்த்தார்கள்.

கதை சின்னது. ஏழு வயது ஜோயியை, நீ உன் அண்ணனைக் கொன்றுவிட்டாய் என்று பெரிய பையன்கள் விளையாட்டாக நம்பவைக்கிறார்கள். அவன் பயந்து ஓடிவிடுகிறான். கடற்கரையில் காலி பாட்டில் பொறுக்கிக் கொடுத்துக் காசு சேர்த்து, மட்டக்குதிரைச் சவாரி போகிறான், திரும்பத் திரும்பப் போகிறான். ஆயிரக்கணக்கான பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். இந்தப் பிள்ளை தனியாக வந்திருக்கிறானே என்று கவனிப்பவர் குதிரைக்காரர் ஒருவர்தான். அவர் மிரட்டவில்லை. வேலை தருகிறேன் என்று பேச்சுக் கொடுத்து, முகவரியை வாங்கி, வீட்டுக்குப் போன் செய்கிறார்.

இந்தப் படம் வெனிஸ் விழாவில் வெள்ளிச் சிங்கம் விருது பெற்றது. எங்கெல் இல்லாவிட்டால் எங்கள் புதிய அலையே வந்திருக்காது என்று பிற்காலத்தில் சொன்னவர் பிரான்சுவா த்ரூஃபோ. மூன்றாவது படம் அவருடையதுதான்: 1959-இல் வந்த 'தி 400 ப்ளோஸ்'. தலைப்பு ஒரு பிரெஞ்சு வழக்கு. சேட்டையின் எல்லையைத் தொடுவது என்று அர்த்தம், அடிதடிப் படம் இல்லை.

பாரிஸ் பையன் அந்துவான் வகுப்புக்கு வராமல் ஊர் சுற்றுகிறான். மறுநாள் காரணம் கேட்டபோது, அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்லிவிடுகிறான். அப்புறம் பால்சாக் எழுத்தில் மயங்கி, அவருடைய வரிகளைக் கட்டுரையில் எழுதுகிறான். காப்பியடித்தான் என்று ஆசிரியர் தண்டிக்கிறார். வகுப்பில் கடைசியாக நிற்கும் பையனுக்கு பால்சாக் எப்படி மனதில் தங்கினார்? ஆசிரியருக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை. அப்பாவின் அலுவலகத்தில் தட்டச்சு எந்திரம் திருடுகிறான். திருப்பி வைக்கப் போகும்போதுதான் மாட்டிக்கொள்கிறான். அப்பாவே போலீசில் ஒப்படைக்கிறார்.

சீர்திருத்த இல்லத்தில் ஒரு மனநல நிபுணர் அவனிடம் பேசும் காட்சி வருகிறது. அவர் முகம் தெரியாது, குரல் மட்டும். கேமரா அந்துவானையே பார்த்துக்கொண்டிருக்கும். நடித்த ழான்-பியர் லெயோவுக்கு அப்போது 14 வயது. பதில்களைப் பெரும்பாலும் தன் சொந்த வார்த்தைகளிலேயே சொன்னான். அவ்வளவு நேரம் "ஒண்ணுமில்ல" என்றிருந்த பையனிடம் எவ்வளவு இருந்தது என்று அப்போதுதான் தெரிகிறது. படத்தில் ஒருவர் அவனைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது அங்கேதான். அதற்குள் அவனைப் பூட்டிவைத்துவிட்டார்கள்.

த்ரூஃபோவின் சொந்தக் கதையில் பாதி இது. அவரையும் அவர் தந்தை போலீசில் விட்டார். ஆனால் அவருக்கு ஆந்த்ரே பசான் என்ற விமர்சகர் கிடைத்தார். அந்தப் பையனை வெளியே கொண்டுவந்து, வேலை கொடுத்து, எழுதவைத்தவர் அவர். 1958 நவம்பரில் படப்பிடிப்பு தொடங்கிய மறுநாள் பசான் இறந்துபோனார். படம் அவருக்கே சமர்ப்பணம். கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியபோது த்ரூஃபோவுக்கு 27 வயது.

நான்காவது, இங்கிலாந்தின் 'கெஸ்', 1969. ஆசிரியர் வேலையில் இருக்கும் மாணவர்கள் இதைக் கட்டாயம் பார்க்கவும். கென் லோச் இயக்கினார். மூலநாவலை எழுதிய பேரி ஹைன்ஸ் சுரங்கத் தொழிலாளியின் மகன், உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர். படத்தில் உடற்கல்வி ஆசிரியராக வரும் பிரையன் குளோவரும் நிஜத்தில் ஆசிரியர், மல்யுத்த வீரரும்கூட. சிறுவர்களின் கால்பந்தில் தானும் புகுந்து, நடுவராகவும் தானே இருந்து ஜெயிப்பார். சிரித்துக்கொண்டே பார்ப்போம், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

பார்ன்ஸ்லி என்ற சுரங்க ஊரில் பில்லி என்ற ஒல்லிப் பையன். படிப்பில் ஒன்றுமில்லை, அடுத்து சுரங்கம்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். அவன் ஒரு வல்லூறுக் குஞ்சை எடுத்து வளர்த்துப் பழக்குகிறான். ஒருநாள் ஆங்கில ஆசிரியர், உனக்குத் தெரிந்த உண்மை ஏதாவது சொல் என்கிறார். பில்லி தயங்குகிறான். பறவையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் வகுப்பே அசையாமல் கேட்கிறது. தெரியாத சொல் வந்தால் ஆசிரியர் நிறுத்தி, பலகையில் எழுதச் சொல்கிறார். பிறகு ஒருநாள் அவரே வயலுக்குப் போய்ப் பறவை பறப்பதைப் பார்க்கிறார். அவ்வளவுதான் அவர் செய்தது. அது பில்லியின் விதியை மாற்றவில்லை, முடிவு துயரம்தான். ஆனாலும் தனக்கு ஒன்று தெரியும் என்பதை அவன் அன்று எல்லோர் முன்னாலும் அறிந்துகொண்டான்.

அதே படத்தில் தலைமையாசிரியர் பிரம்பால் அடிக்கும் காட்சியும் உண்டு. தகவல் சொல்லவந்த சின்னப் பையனும் சேர்ந்து அடி வாங்குகிறான். தான் சொல்ல வந்தது வேறு என்று அவன் வாய் திறக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. அரசுப் பள்ளிகளில் பிரம்படியை இங்கிலாந்து சட்டப்படி நிறுத்தியது 1987-இல். நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடுத்தது. சட்டம் பிரம்பைத்தான் பிடுங்க முடியும். சொல்ல வருவதைக் கேட்பது நம் கையில் இருக்கிறது.

கடைசிப் படம் இரானின் 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹோம்', 1987. அப்பாஸ் கியாரோஸ்தமி எடுத்தது. இங்கே பணம் போட்டது சிறுவர்களுக்கான ஓர் அரசு நிறுவனம். எட்டு வயது அகமது, பக்கத்துப் பையனின் நோட்டை மறந்து எடுத்துவந்துவிடுகிறான். நாளை நோட்டில் வீட்டுப்பாடம் இல்லையென்றால் நண்பனைப் பள்ளியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறான். அம்மா கெட்டவளில்லை, கைக்குழந்தையும் துணி துவைப்பும் அவளுக்கு. அவன் குரல் காதில் விழுகிறது, மனதில் ஏறவில்லை. தாத்தாவோ, பிள்ளைக்கு அடியும் கட்டுப்பாடும் வேண்டும் என்ற கட்சி. இருட்டிய பிறகு ஒரு கிழத் தச்சர்தான் அவனோடு மெல்ல நடந்து வருகிறார். ஐந்து படங்களில் உங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருப்பது இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

'பாதேர் பாஞ்சாலி'யை ஏன் விட்டீர்கள் என்று கேட்பீர்கள். அதற்குத் தனிப் பதிவே வேண்டும்.

பார்க்கும் வரிசை: சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரானியப் படம், பிறகு 'லிட்டில் ஃப்யூஜிட்டிவ்'. பதின்மூன்று தாண்டியவர்களோடு '400 ப்ளோஸ்'. 'கெஸ்' படத்தில் கெட்ட வார்த்தைகள் உண்டு, முதலில் நீங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வார்த்தை வழக்கும் கடினம், சப்டைட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் முடிந்ததும், "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அது பரீட்சை ஆகிவிடும். அவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று இருக்கும்: கிரிக்கெட் கணக்கு, பைக் எஞ்சின், ஏதோ ஒரு கேம். அதை உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். தெரியாத வார்த்தை வந்தால் நிறுத்திக் கேளுங்கள். முதல் நாள் "ஒண்ணுமில்ல" என்றால் விடுங்கள், நாலு நாள் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்பதை முதலில் எழுதுங்கள், உங்கள் கருத்து அப்புறம்.