பால் பெட்டியில் அச்சேறிய முகங்கள்

காணாமற்போன குழந்தைகளைப் பற்றிய செய்தி உள்ளூர் எல்லையைத் தாண்டி நாடு தழுவிய கவலையாக உருவெடுத்த வரலாற்றில், அமெரிக்காவின் 1980களுக்குத் தனி இடம் உண்டு. 1979 மே 25 அன்று நியூயார்க்கில் பள்ளிப் பேருந்தைப் பிடிக்கத் தனியாக நடந்துசென்ற ஆறு வயதுச் சிறுவன் திரும்பாதபோது, ஒளிப்படக் கலைஞரான தந்தை எடுத்திருந்த அவனுடைய படங்கள் பத்திரிகைகளிலும் சுவரொட்டிகளிலும் பரவின. அந்நாளையே 1983இல் அதிபர் ரீகன் காணாமற்போன குழந்தைகளுக்கான தேசிய நாளாக அறிவித்தார்.

அயோவா மாநிலத்தின் டி மொய்ன் பகுதியில் 1982இலும் 1984இலும் அதிகாலையில் செய்தித்தாள் போடச் சென்ற இரு சிறுவர்கள் மறைந்ததையடுத்து, 1984 செப்டம்பரில் அங்குள்ள ஆண்டர்சன் எரிக்சன் பால் நிறுவனம் அவர்களுடைய முகங்களைத் தன் அட்டைப் பெட்டிகளில் அச்சிட்டது. அடுத்த ஆண்டு இம்முறை நாடெங்கும் பரவவே, காலை உணவு மேசையில் பால் ஊற்றும் குழந்தைகளே, சிரித்த முகத்துடன் இருந்த ஒரு படத்தையும் அதனருகே பெயரையும் காணாமற்போன தேதியையும் நாள்தோறும் பார்க்க நேர்ந்தது.

மிகைப்படுத்தப்பட்ட எண்ணிக்கைகள் பெற்றோரிடம் பேரச்சத்தை விதைத்த அச்சூழலில், காணாமற்போனோரில் பெரும்பாலோர் வீட்டைவிட்டுத் தாமே வெளியேறியவர்கள் அல்லது வளர்ப்புரிமைத் தகராறில், அதாவது பிரிந்த பெற்றோரில் யாரிடம் குழந்தை வளர்வது என்னும் பிணக்கில், கொண்டுசெல்லப்பட்டவர்கள் என்பதை ஆராய்ந்து வெளியிட்ட டென்வர் போஸ்ட் நாளிதழ் 1986இல் புலிட்சர் பரிசு பெற்றது. அச்சமூட்டுவதைவிட உண்மையை அளந்து சொல்வதே இதழியலின் கடமை என்பதற்கு அது சான்று. ஆயினும் பால் பெட்டியில் முதலில் அச்சேறிய அவ்விரு சிறுவர்களும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.