நியூட்டன் 'சயன்டிஸ்ட்' இல்லை!

ஐசக் நியூட்டனை அவர் காலத்தில் யாரும் 'சயன்டிஸ்ட்' என்று அழைத்ததில்லை, தெரியுமா? அவர் இறந்தது 1727-ல். அந்த வார்த்தை பிறந்ததே 1833-ல்தான்! 1687-ல் வெளியான அவருடைய மகத்தான புத்தகத்தின் தலைப்பில்கூட 'இயற்கைத் தத்துவம்' என்றுதான் இருக்கிறது.

'சயன்ஸ்' என்னவோ பழைய சொல்தான். 'சியன்ட்டியா' என்ற லத்தீன் வார்த்தை, பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து சேர்ந்தது. அர்த்தம், வெறுமனே 'அறிவு'! இலக்கணம், தர்க்கம், ஏன், இறையியல்கூட ஒருகாலத்தில் சயன்ஸ்தான்.

1833. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியாளர்களின் கூட்டம். கவிஞர் கோல்ரிட்ஜ், 'நீங்களெல்லாம் உங்களைத் தத்துவஞானி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது' என்று ஆட்சேபித்தார். சரி, வேறு என்னவென்று சொல்வதாம்? வில்லியம் வீவெல் என்ற அறிஞர் யோசித்தார். 'ஆர்ட்' பண்ணுகிறவர் ஆர்ட்டிஸ்ட் என்றால், 'சயன்ஸ்' பண்ணுகிறவர் சயன்டிஸ்ட்!

யாருக்கும் பிடிக்கவில்லை. மறு வருடம், மேரி சாமர்வில் என்ற பெண்மணியின் அறிவியல் புத்தகத்துக்கு எழுதிய விமரிசனத்தில் வீவெல் அந்த வார்த்தையை அச்சிலும் ஏற்றினார் – தன் பெயரைப் போடாமல்! மைக்கேல் ஃபாரடேவுக்கு 'ஆனோடு', 'கேத்தோடு' என்ற வார்த்தைகளை யோசித்துக் கொடுத்தவரும் இதே வீவெல்தான். ஃபாரடே அவற்றை வாங்கிக்கொண்டார்; 'சயன்டிஸ்ட்' பட்டத்தை மட்டும் வேண்டாமென்றுவிட்டார். டார்வினின் நண்பர் ஹக்ஸ்லி 1894-ல்கூட அந்த வார்த்தையைப் பார்த்து முகம் சுளித்தார்!

வேரைக் கொஞ்சம் தோண்டினால் ஓர் ஆச்சரியம். லத்தீனில் 'அறிதல்' என்ற அந்தச் சொல்லுக்கு ஆதியில் 'வெட்டுதல், பிரித்தல்' என்ற பொருள் இருந்திருக்கலாம் என்று மொழி ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். சம்ஸ்கிருதத்திலிருந்து நமக்கு வந்த 'விஞ்ஞானம்' என்ற சொல்லில் இருக்கும் 'வி'க்கும் பிரித்தல் என்ற சாயல் உண்டு. நம் 'பகுத்தறிவு' பற்றிச் சொல்லவே வேண்டாம். மூன்று மொழியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: பிரித்துப் பார்த்தால்தான் அறிவு!

அடுத்த முறை டி.வி. விளம்பரத்தில் யாராவது, 'விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்ட கூந்தல் தைலம்' என்று ஆரம்பித்தால், கோட்டு போட்ட ஆசாமியைப் பார்த்து மயங்காதீர்கள். 'தேய்த்த நூறு பேர், தேய்க்காத நூறு பேர் என்று பிரித்துப் பார்த்தீர்களா சார்?' என்று மட்டும் கேளுங்கள்.

அப்படிக் கேட்கிற எல்லோருமே சயன்டிஸ்ட்தான். பட்டம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நியூட்டனுக்கே கிடைக்கவில்லையே!