ஒரு குடுவை, மூன்று பொருள், ஒரு பாலையா

உத்திரமேரூர்க்காரன் வரலாறு எழுதினால் குடவோலைக் கல்வெட்டாகத்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். இந்த முறை அது இல்லை. எம்.எஸ்சி. புராஜெக்டுக்காக நம்ம ஊர்ப் பல்கலைக்கழகங்களின் பழைய ஆய்வேடுகளைப் புரட்டியபோது, பலவற்றின் அடிக்குறிப்பில் ஒரே வரி வந்துகொண்டே இருந்தது: நாலர், பாலையா, 1948. யார் இந்தப் பாலையா என்று வகுப்பில் கேட்டேன். "நடிகர் பாலையாவா?" என்றான் ஒருவன் :)

அதற்கு முன் கொஞ்சம் வேதியியல். மருந்து மூலக்கூறுகளைப் பொதுவாகப் படிப்படியாகத்தான் கட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் 70 சதவீதம் தேறினாலும், ஐந்து படி முடியும்போது கையில் மிஞ்சுவது 17 சதவீதம்தான். பல்கூறு வினை என்பது வேறு வழி. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பொருட்களை ஒரே குடுவையில் போட்டால், நடுவில் எதையும் பிரித்தெடுக்காமலே அவை ஒரே மூலக்கூறாகச் சேர்ந்துவிடும். 1850-ல் ஸ்ட்ரெக்கர் இப்படித்தான் அமினோ அமிலம் செய்தார். 1912-ல் வந்தது மன்னிக் வினை.

அந்த மன்னிக் வினையைத்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த கார்ல் நாலரும் வி. பாலையாவும் கையில் எடுத்தார்கள். ஒரு கீட்டோன், இரண்டு பங்கு பென்சால்டிஹைடு, ஒரு பங்கு அம்மோனியம் அசிட்டேட். இவற்றைச் சூடாக்கி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் உப்பாகப் படிந்துவிடும். அதை அம்மோனியாவால் நடுநிலையாக்கினால் பைப்பரிடோன் தயார். இரண்டு நீர் மூலக்கூறுகள் வெளியேற, ஆறு அணு வளையம் ஒன்று உருவாகியிருக்கும். மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினில் இருப்பதும் இதே பைப்பரிடின் வளையம்தான். அந்தப் பெயரின் வேர் நம் திப்பலியின் வடமொழிப் பெயரான பிப்பலி வரை போகிறது.

பாலையா பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். இந்த வளையங்களைப் பற்றி ஆர். ஜெயராமன், எல். சந்திரசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய நீண்ட ஆய்வுக் கட்டுரை 1983-ல் 'கெமிக்கல் ரிவ்யூஸ்' இதழில் வந்தது.

இந்த வினை இங்கே வேரூன்றியதற்குக் காரணம் அதன் மலிவு என்பது என் எண்ணம். விலை உயர்ந்த வினையூக்கி வேண்டாம், நைட்ரஜன் சிலிண்டர் வேண்டாம். பென்சால்டிஹைடின் பாதாம் வாசனையைத் தாங்கிக்கொண்டால் போதும். ஆல்டிஹைடை மாற்றினால் புதுச் சேர்மம், கீட்டோனை மாற்றினால் இன்னொன்று. வசதி குறைந்த ஆய்வகத்திலும் உண்மையான ஆராய்ச்சி செய்யலாம் என்பது சின்ன விஷயமா?

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பல ஆய்வேடுகள், தட்டில் பாக்டீரியா வளராத வட்டத்தை அளந்ததோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து மாத்திரைக்கு ரொம்ப தூரம். ஜெர்மனியின் ஹான்ட்ஷ் 1880-களின் தொடக்கத்திலேயே இதன் உறவுக்கார வினையை வெளியிட்டார்: ஒரு ஆல்டிஹைடு, இரண்டு கீட்டோ எஸ்டர், அம்மோனியா. அதே வழியில் உருவான நிஃபெடிபினை பேயர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1975-ல். 90 ஆண்டுகளுக்கும் மேல்! எங்கள் பாட்டி ரத்த அழுத்தத்துக்குப் போடும் அம்லோடிபினும் அதே ஹான்ட்ஷ் குடும்பம்தான். சொன்னேன். "மாத்திரை போட்டாச்சாடா பாட்டினு கேக்கத் தெரியல, குடும்பம் விசாரிக்கிற" என்றார்.