புகையை விரட்டிய குளிசைகள்

எங்கட வீடுகளில் பெரியவர்களின் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்த ஒரு கடதாசி இருக்கும். சிவப்புக் கட்டங்களின் மேல் ஏறி இறங்கும் ஒரு கறுப்புக் கோடு. ஈசீஜி. எங்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் "ஒழுங்கா இருக்கு" எண்டு டொக்டர் சொன்னால் வீடே மூச்சு விடும். கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் இந்தக் கோட்டின் வரலாற்றைத் தேடிப் போனது அந்தச் சொல்லால்தான். கோடு ஒழுங்காகிவிட்டால் ஆளும் தப்பிவிடுவாரா?

கதை நெதர்லாந்தின் லைடன் நகரில் தொடங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லெம் ஐந்தோவன் அமைத்த இதய மின்பதிவுக் கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோ. இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புநீரில் தோய்த்தபடி நோயாளி இருக்கவேண்டும். 1924இல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் பதிவு சில விநாடிகளின் கதையை மட்டுமே சொன்னது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து நோர்மன் ஹோல்டர், 1940களின் பிற்பகுதியில், முதுகில் சுமந்துகொண்டே இதயத்துடிப்பைப் பதியும் கருவியைச் செய்தார். அதன் எடை 38 கிலோ. பிறகு அது இடுப்பில் கட்டும் சிறிய ரேப் பெட்டியாகச் சுருங்கியது. ஒரு நாளில் துடிக்கும் ஏறத்தாழ ஒரு இலட்சம் துடிப்புகளையும் ஒன்றுவிடாமல் பதியலாம் எண்ட நிலை வந்தது.

மாரடைப்பிலிருந்து தப்பி வீடு திரும்பியவர்களின் பதிவுகளில் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சிலரின் கோட்டில், ஒழுங்கான துடிப்புகளுக்கிடையே, கீழறையிலிருந்து முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் இருந்தன. அவை அதிகமாக இருந்தவர்கள் பின்னர் திடீரென இறப்பதும் அதிகமாக இருந்தது. 1970களின் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டின. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையல்ல இது. தொடர்பு உண்மையானது.

அடுத்த படி எல்லாருக்கும் இயல்பாகப் பட்டது. முந்தி வரும் துடிப்புத்தான் ஆபத்து என்றால் அதை அடக்கினால் போதுமே. அடக்கும் குளிசைகளும் கையில் இருந்தன: என்கெய்னைட், ஃபிளெகெய்னைட். குடித்தால் கோடு வடிவாகச் சீராகிவிடும். மருத்துவர்கள் நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நம்பிக்கையைச் சோதிக்க 1987இல் 'காஸ்ட்' என்ற ஆய்வு தொடங்கியது. மருந்து கோட்டைச் சீராக்குவது முதலில் உறுதிசெய்யப்பட்ட நோயாளிகளையே இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உண்மையான மருந்து, மற்றப் பகுதிக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. வேலை செய்கிற மருந்தைப் பாதிப்பேருக்குக் கொடுக்காமல் விடுவது நியாயமா எண்டு கேட்டவர்களும் இருந்தார்கள். மருந்து தீங்கு செய்யும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அது நன்மை செய்கிறதா என்று பார்க்கத்தான் கணக்கே முதலில் போடப்பட்டிருந்தது.

1989 ஏப்ரலில் இந்த இரண்டு மருந்துகளையும் அவசரமாக நிறுத்தவேண்டி வந்தது. 1991இல் வெளியான முழுக் கணக்கு இது: மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெறும் குளிசை எடுத்த 743 பேரில் 26 பேர். சராசரியாகப் பத்து மாதங்களுக்குள் இவ்வளவும் நடந்தது. கோடு சீரானவர்கள்தான் இரண்டு மடங்குக்கு மேல் செத்துப்போனார்கள்.

ஏன்? மாரடைப்பில் இதயத்தசையின் ஒரு பகுதி செத்துத் தழும்பாகிறது. தழும்பைச் சுற்றி மின்சாரம் தடுமாறிப் போகிறது. முந்தி வரும் துடிப்பு அந்தச் சேதத்திலிருந்து கிளம்பும் புகை. இந்த மருந்துகள் மின்சாரத்தின் ஓட்டத்தை மெதுவாக்குபவை. புகை குறைந்தது. ஆனால் காயப்பட்ட தசையில் ஓட்டம் இன்னும் மெதுவானபோது, அது சுழன்று சுழன்று உயிரைப் பறிக்கும் துடிப்பாக மாற வழி திறந்தது. புகையை விசிறி விரட்டப் போய் நெருப்பை மூட்டிய கதை.

பிழை கோட்டில் இல்லை. கோடு சொன்னது உண்மை: இந்த மனிதர் ஆபத்தில் இருக்கிறார். "என்னை அழித்தால் ஆபத்துப் போய்விடும்" எண்டு அது ஒருபோதும் சொல்லவில்லை. அதை நாங்கள்தான் சேர்த்து வாசித்தோம். இதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. 1982இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, மாரடைப்புக்குப் பிறகு புரோபிரனலோல் என்ற மருந்து இறப்பை 9.8 சதவீதத்திலிருந்து 7.2 சதவீதமாகக் குறைத்ததைக் காட்டியது. அங்கே எண்ணப்பட்டது கோட்டின் அழகல்ல, உயிரோடு இருந்தவர்களின் தொகை.

ஈசீஜியை நம்பவேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. நெஞ்சுநோவோடு வருபவரின் இரத்தக்குழாய் அடைபட்டிருப்பதை முதலில் காட்டித்தருவது இன்றைக்கும் அந்தக் கடதாசிதான். ஃபிளெகெய்னைட்டும் மறையவில்லை. மாரடைப்பின் தழும்பு இல்லாத வேறு நோயாளிகளுக்கு அது இன்றும் உதவுகிறது.

ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு இந்த 63 பேரை மறக்க ஏலாமல் இருக்கிறது. ஒரு கிராமத்தின் வறுமைக்கோடு, ஒரு பாடசாலையின் பெறுபேறு, ஒரு நாட்டின் வளர்ச்சி வீதம் எல்லாமே கோடுகள்தான். அவற்றைச் சீராக்கியதாக யாராவது வந்து சொல்லும்போது நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: சரி, ஆக்கள் எப்படி இருக்கினம்?