மணல்வாரியும் ஒரு நாள் கூலியும்

எங்க திருவண்ணாமலைப் பக்கம் தட்டம்மைக்கு மணல்வாரின்னு பேரு. ஆத்தா வந்திருக்கான்னு வேப்பிலை செருகி, தண்ணி ஊத்துற நாளுக்குக் காத்திருப்பாங்க. அதுக்குள்ள நிமோனியாவோ வயிற்றுப்போக்கோ வந்து பிள்ளையைக் கொண்டு போயிடும்.

1985-ல் தேசியத் தடுப்பூசித் திட்டத்துல இதுக்கும் ஊசி சேர்ந்தது. ஒன்பது மாசம் முடிஞ்சதும் போடணும். கலக்கின மருந்து நாலு மணி நேரம்தான் தாங்கும். நர்ஸம்மா ஐஸ் பெட்டியோட கிராமத்துக்கே வருவாங்க.

ஏப்ரல் 2008-ல் திருவள்ளூர் மாவட்டத்துல இந்த ஊசி போட்டதும் 4 குழந்தைகள் இறந்தன. உடனே தமிழ்நாடு முழுக்க ஊருக்குப் போய்ப் போடுறதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னாங்க. பாதுகாப்புக்குத்தான், சரி... ஆனா ஜவ்வாது மலையில இருக்குற தாய்க்கு அது ஒரு நாள் கூலி!

2017 தட்டம்மை-ரூபெல்லா முகாமப்போ வாட்ஸ்அப் வதந்தி வேற.

பயத்தைப் போக்காம ஊசியை மட்டும் கொண்டு போனாலும் பத்தாது. ஊசியை எட்டாத இடத்துல வச்சிட்டு தாயைக் குறை சொல்றதும் நியாயமில்ல. நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?