வில்வத்துக்கு வந்த சீமைப் பெயர்

ஆந்தையும் பூனையும் மணம் புரிந்து விருந்துண்ணும் ஆங்கிலப் பாட்டொன்றுண்டு. எட்வர்டு லியர் என்பார் 19-ஆம் நூற்றாண்டில் இயற்றியது. அவ்விருந்தில் குயின்ஸ் என்னும் பழம் பரிமாறப்படும். ஆங்கில வழியிற் பயின்ற நான் அப்பாட்டைப் பிழையின்றி ஒப்பித்தவன். அப்பழம் யாதென்று நான் கேட்டதுமில்லை, கற்பித்தவர் சொன்னதுமில்லை. பின்னாளில் அகராதியைப் புரட்டியபோது 'சீமை மாதுளை' என்றிருந்தது. மாதுளையை அறிவேன், சீமையையும் கேட்டறிவேன், பழம் மட்டும் விளங்கவில்லை.

அம்மரம் நம் சுங்கை பஞ்சாங் மண்ணில் காய்க்காது. இலையுதிர்த்துக் குளிரில் உறங்கியெழுந்தால்தான் அது பூக்கும். காக்கசு மலைநாடும் வட பாரசீகமும் அதன் தாயகம், காசுமீரத்திலும் பயிராகிறது. கனி பொன்னிறம், மேலே மெல்லிய துய், மணமோ அறை முழுதும் நிறையும். பச்சையாகக் கடித்தால் துவர்க்கும். சர்க்கரையிட்டு நெடுநேரம் காய்ச்சினாலோ செந்நிறமேறி, அல்வாவைப் போல் இறுகும். போர்த்துக்கீசியர் அப்பழத்தை மார்மெலோ என்பர். காய்ச்சி இறுக்கியதை மார்மெலாடா என்பர். துரைமார் பங்களாக்களில் காலை ரொட்டியின்மேல் தடவப்பட்ட மார்மலேடு இச்சொல்லேயாம். பழம் மாறி ஆரஞ்சு புகுந்த பின்னரும் பெயர் மாறவில்லை.

இப்பெயர் நம் மரமொன்றின் மீதும் ஏறியமர்ந்த கதையைச் சொல்லவே இவ்வளவும் கூறினேன்.

கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா, 1563-இல் அங்கேயே அச்சிட்ட மருந்து நூலில் 'வங்காளத்து மார்மெலோ' என்று ஒரு காயைக் குறித்தார். அஃது நம் வில்வக்காய். இரண்டும் உறவல்ல, மார்மெலோ ரோஜாக் குடும்பம், வில்வம் எலுமிச்சைக் குடும்பம். துவர்ப்பும், பாகிலிட்டு வைக்கும் வழக்கமும், வயிற்றுப்போக்கை நிறுத்தும் குணமுமே பொது. ஓர்த்தா நல்ல மனிதர். வசாயில் இதனைப் பேலி என்கிறார்களே, சிரிபலம் என்றும் கேள்விப்படுகிறோமே, எது உரிய பெயர் என்று அவ்வூர் வைத்தியர்களையே வினவினார். சிரிபலம் என்பது வைத்தியர் வழங்கும் பெயர் என்ற அவர்கள் விடையையும் எழுதிவைத்தார். கேட்டு எழுதியதென்னவோ உண்மை. ஆனால் நிலைத்தது கேட்ட பெயரன்று. 1753-இல் சுவீடன் நாட்டு லின்னேயசு தம் செடிநூற் பட்டியலில் இம்மரத்துக்கு 'மார்மெலோஸ்' என்று சூட்டினார். 1800-இல் கொரேயா த செர்ரா என்னும் போர்த்துக்கீசிய அறிஞர் முற்பெயரை ஏகிள் என மாற்றினார், பிற்பெயரை விட்டுவிட்டார். 1867-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் அதன் காய் இடம் பெற்றது. ஆங்கிலேயர் அதனை 'வங்காளக் குயின்ஸ்' என்றனர்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் எண்ணிய பூக்களுள் ஒன்று கூவிளம். நேர்நிரைக்கு வாய்பாடாக நம் பிள்ளைகள் உருப்போடும் கூவிளமும் இம்மரமே. யாப்புக்கே பெயர் தந்த மரம், உலகப் பட்டியலில் அயலூர்ப் பழத்தின் பெயரால் நிற்கிறது.

போர்த்துக்கீசியரை மட்டும் குறை சொல்லுதல் தகாது. ஊரைவிட்டு வந்தவன் காண்பதிலெல்லாம் ஊரையே காண்பான். காணாத குயின்ஸை நாம் சீமை மாதுளையாக்கவில்லையா? அங்கும் உறவு ஏதுமில்லை! ஆனால் நம் அகராதி நம்மோடு நின்றது. அவர்கள் பட்டியலோ உலகத்துக்கெல்லாம் சட்டமாயிற்று.

இவ்வட்டாரத்தில் நம் அண்டை வீட்டார் பலர் சாவகர் வழிவந்தோர். அவர்கள் முன்னோர் மொழியில் வில்வம் 'மொஜோ', மலாயில் 'மாஜா'. 1293-இல் எழுந்த மாஜாபாகித் பேரரசுக்கு அம்மரமே பெயர் தந்தது. காடு வெட்டி ஊரமைக்க மதுராத் தீவினின்று வந்த கூலியாட்களுள் ஒருவன், உணவு போதாமற் பசியால் மாஜாக்காயைத் தின்றான், கசந்தது. 'பாஹித்' என்றால் கசப்பு. பராரத்தோன் என்னும் பழைய நூல் கூறும் கதை இஃது. காடழித்தவன் வாயிலிருந்து வந்த சொல்லே அரசின் பெயராயிற்று என்பதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி. நம் பாட்டன்மாரும் இந்நாட்டில் காடழித்தவர்களே. அவர்கள் எந்த ஊருக்குப் பெயர் வைத்தனர்? அவர்கள் பெயரே பிறர் வாயிலும் பிறர் பேனாவிலும் உருமாறிக் கிடக்கிறது.

செக்ரோல் எழுதுவது என் தொழில். பழைய ஏடுகளில் ஒரே ஆள் மூன்று மாதங்களில் மூன்று பெயராக நிற்பதைக் கண்டிருக்கிறேன். அவற்றை எழுதியோரும் என்னைப் போல் ஆங்கிலம் கற்ற கிராணிகள்தாம், பலர் தமிழர். எங்கள் லயத்து மூதாட்டி ஒருவருக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். அதனால் அவருக்குச் சேரவேண்டிய பணம் நெடுநாளாய்த் தடைப்பட்டு நிற்கிறது. சென்ற வாரம் மூன்றாம் முறையாகச் சத்தியப் பிரமாணத்தாளில் கைநாட்டு வைக்க வந்தார். வைக்குமுன், "தம்பி, நீங்க எழுதியிருக்கிற பேரை ஒருதரம் படிச்சுக் காட்டுங்க" என்றார். எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினேன். நடுவில் ஓரெழுத்து பிழையென்று நிறுத்தினார். வேறு தாள் எடுத்து மீண்டும் எழுதினேன்.