தானியா: கடற்கரை நகரமும் கிராஅத் கலையும்

அந்தலுஸ் என்றதும் நம் சமுதாயத்தில் கற்றோரின் நினைவுக்கு வருபவை குர்துபாவின் பெரும்பள்ளியும் கிரனடாவின் அல்ஹம்ரா மாளிகையுமே. ஸ்பெயின் சென்று திரும்புவோர் அவற்றின் தூண்களையும் வளைவுகளையும் வியந்து பேசுவர். இழந்ததை எண்ணிப் பெருமூச்செறிவர். அவ்வியப்பும் ஏக்கமும் இயல்பானவையே. ஆயினும் அந்தலுஸ் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்களுள், ஐவேளைத் தொழுகையிலும் நம் நாவில் தவழ்கின்ற ஒன்று கல்லால் ஆனதன்று. அது செப்பமுற்ற ஊரும் அவ்விரு பெருநகரங்களுள் ஒன்றன்று. கோடைக்காலத்தில் கடலாட வருவோரால் நிரம்பி வழியும் டெனியா என்னும் சிறு துறைமுக நகரமே அது. அரபு நூல்கள் அதனைத் தானியா என்று வழங்கும்.

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தில் அமைந்தது டெனியா. ஊருக்கு வடக்கே நீண்ட மணற்கரை, தெற்கே பாறைக்கரை, பின்னணியில் 753 மீட்டர் உயர்ந்து நிற்கும் மோன்ட்கோ மலை. எதிரேயுள்ள இபிஸா தீவுக்கு இங்கிருந்து கப்பல்கள் செல்கின்றன. ஊரின் செந்நிற இறாலும் சோற்று வகைகளும் பெயர் பெற்றவை. 2015ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உணவுக் கலைக்கான படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. வெயிலையும் கடலையும் நாடி ஐரோப்பா எங்கணுமிருந்து மக்கள் வருகின்றனர். நகரின் நடுவே ஒரு குன்று. குன்றின் மேல் முஸ்லிம்கள் எழுப்பிய கோட்டை. அதனுள் இருக்கும் தொல்பொருள் காட்சியகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பயணிகள் மீண்டும் கடற்கரைக்கு இறங்குகின்றனர்.

ஊரையும் சுற்றுப்புறத்தையும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஊர்ப் பெயர்களே வரலாறு கூறும். ரோமர் காலத்தில் டியானா என்னும் தேவதையின் பெயரால் டியானியம் என அழைக்கப்பட்டது அரபியரின் நாவில் தானியாவாகி, பின் டெனியாவாயிற்று. அண்டையிலுள்ள பெனிமெலி, பெனிடொலெய்க், பெனியார்பெய்க் ஆகிய சிற்றூர்களின் முதலசையில் 'பனீ' என்னும் அரபுக் குலப்பெயர்ச்சொல் இன்றும் ஒலிக்கிறது. அங்குள்ள உழவர் பாசனக் கால்வாயைக் குறிக்க வழங்கும் சொல் 'ஸாகியா'வின் திரிபு; மழைநீர்த் தொட்டியின் பெயர் 'ஜுப்பு' என்பதன் திரிபு. கப்பல் கட்டுந்துறையைக் குறிக்கும் சொல்லோ 'தாருஸ் ஸினாஆ' என்பதிலிருந்து பிறந்தது.

இக்கடைசிச் சொல் தானியாவுக்கு மிகப் பொருத்தமானது. 1154ஆம் ஆண்டில் தம் புவியியல் நூலை நிறைவு செய்த அல்இத்ரீஸீ, தானியாவின் மதில் கடலுக்குள்ளும் நீண்டிருந்ததையும், போர்க்கப்பல்கள் இங்கே கட்டப்பட்டு இங்கிருந்தே புறப்பட்டதையும் குறிப்பிடுகிறார். மோன்ட்கோ மலையைக் காஊன் மலை என்று பெயரிட்டு, அதன் உச்சியிலிருந்து இபிஸாவின் மலைகள் தெரியும் என்றும் எழுதுகிறார். கெய்ரோவின் பழைய யூத ஆலயத்தில் கிடைத்த வணிகக் கடிதங்களிலும் தானியாத் துறைமுகத்தின் பெயர் இடம்பெறுகிறது.

முஜாஹிதின் அரசவை

குர்துபாவின் கிலாஃபத் 1009ஆம் ஆண்டு தொடங்கிய உள்நாட்டுக் குழப்பத்தில் சிதையத் தொடங்கி, 1031இல் முற்றிலும் மறைந்தது. அதன் சிதைவில் முளைத்த சிற்றரசுகளுள் தானியாவும் ஒன்று. இதனை நிறுவியவர் முஜாஹித் அல்ஆமிரீ. ஐரோப்பிய அடிமை வழியில் வந்து, அல்மன்ஸூர் இப்னு அபீ ஆமிரின் அரண்மனையில் வளர்ந்து கல்வி பெற்றவர் அவர். தானியாவையும் எதிரேயுள்ள கிழக்குத் தீவுகளையும் தம் ஆட்சியின் கீழ் கொணர்ந்தார்.

முஜாஹிதின் வரலாற்றை எழுதுவோர் சிலர் அவரது கடற்படையையே போற்றுவர். அக்கடற்படை 1015இல் ஸர்தீனியாத் தீவின் மீது படையெடுத்தது என்பது உண்மை. மறு ஆண்டே பீஸா, ஜெனோவா நகரங்களின் கூட்டுப்படையாலும் புயலாலும் சின்னாபின்னமானது என்பதும் உண்மை. அப்போரில் முஜாஹிதின் மகன் அலீ சிறைப்பட்டு, பல ஆண்டுகள் அந்நியர் கையில் வாழ்ந்த பின்னரே மீட்கப்பட்டார். கப்பற்கொள்ளையும் சிறைப்பட்டோர் விற்பனையும் அன்றைய மத்தியதரைக் கடலில் இரு சமயத்தாரிடமும் இருந்த வழக்கங்கள். தானியாவும் அதற்கு விலக்கன்று. அப்படையெடுப்பினால் நிலைத்த பயன் ஏதும் விளையவில்லை.

நிலைத்தது வேறொன்று. முஜாஹித் அரபு மொழியிலும் கிராஅத் கலையிலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் கிராஅத் கலையைப் பற்றிக் கூறுமிடத்து, முஜாஹிதின் ஈடுபாட்டால்தான் அக்கலை அந்தலுஸின் கிழக்கில் செழித்தது என்று குறிப்பிடுகிறார். உள்நாட்டுப் போரினால் குர்துபாவை விட்டு வெளியேறிய அறிஞர் பலர் தானியாவில் அடைக்கலம் பெற்றனர். ஹதீஸ் கலை மேதை இப்னு அப்தில் பர்ரும் இங்கு வாழ்ந்தவரே.

அறிஞர்க்கும் அரசர்க்கும் இருந்த உறவு எத்தகையது என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். முர்ஸியாவில் தம்மாம் இப்னு காலிப் என்னும் மொழியறிஞர் ஓர் அகராதியை இயற்றியிருந்தார். அந்நூல் தமக்காக எழுதப்பட்டது என ஒரு வரி சேர்க்குமாறு வேண்டி முஜாஹித் அவருக்கு ஆயிரம் தீனார் அனுப்பினார். அறிஞர் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். மக்கள் அனைவருக்குமாக எழுதிய நூலை ஒருவருக்காக எழுதியதாகச் சொல்வது பொய்யாகும் என்பது அவரது நிலை. பொற்காசை மறுக்கும் துணிவு அறிஞரிடம் இருந்தது. மறுத்தவரைத் தண்டிக்காத பெருந்தன்மை அரசரிடம் இருந்தது.

அதே அவையில் இருந்தவர் இப்னு ஸீதா. கண் பார்வையற்றவர்; கண் பார்வையற்ற தந்தையின் மகன். அல்முஹ்கம், அல்முகஸ்ஸஸ் என்னும் இரு பேரகராதிகள் அவர் படைத்தவை. ஹிஜ்ரி 458இல் (1066) தானியாவிலேயே மறைந்தார். நம் அரபுக் கல்லூரி நூலகங்களில் வீற்றிருக்கும் லிஸானுல் அரப் அகராதிக்கு இப்னு மன்ஸூர் அடிப்படையாகக் கொண்ட ஐந்து நூல்களுள் இப்னு ஸீதாவின் அல்முஹ்கமும் ஒன்று.

அபூ அம்ர் அத்தானீ

தானியாவின் பெயரைத் தம் பெயராகவே தாங்கியவர் இமாம் அபூ அம்ர் உஸ்மான் இப்னு ஸஈத் அத்தானீ (ரஹ்). ஹிஜ்ரி 371இல் குர்துபாவில் பிறந்தார். 397இல் கிழக்கு நோக்கிப் பயணமாகி, கைரவானிலும் எகிப்திலும் கற்று, ஹஜ்ஜை நிறைவேற்றி, 399இல் தாயகம் திரும்பினார். குழப்பம் மிகுந்த குர்துபாவை நீங்கிச் சில ஊர்களில் தங்கியபின், 417இல் (1026) தானியாவில் குடியேறினார். ஹிஜ்ரி 444 ஷவ்வாலில் (1053) அங்கேயே மறைந்தார். அவரது ஜனாஸாவுக்கு முன்னே அரசரே நடந்து சென்றார் என வரலாற்றாசிரியர் தஹபீ பதிவு செய்துள்ளார். முஜாஹித் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இறந்துவிட்டார். நடந்தவர் சிறை மீண்டு அரியணை ஏறிய மகன் அலீ.

கிராஅத்துகள் தானியாவில் பிறந்தவை அல்ல. அவை நபி (ஸல்) அவர்களிடமிருந்து ஸஹாபாக்கள் வழியாக வாய்மொழியாய் வந்தவை. பக்தாதின் இப்னு முஜாஹித் (இறப்பு ஹிஜ்ரி 324) எழுவர் கிராஅத்தைத் தொகுத்து நூலாக்கியிருந்தார். அத்தானீ செய்த பணி, பெருகிக் கிடந்த அறிவிப்புகளைச் சீர்தூக்கி, ஒவ்வோர் இமாமுக்கும் இரண்டு அறிவிப்பாளர் என வகுத்து, மாணவர் மனனம் செய்து தேறத்தக்க அளவில் சுருக்கித் தந்ததாகும். அந்நூலே அத்தைஸீர், 'எளிதாக்குதல்' என்பது பெயரின் பொருள். உஸ்மானிய முஸ்ஹஃபுகளின் எழுத்தமைதி குறித்து அல்முக்னிஃ, புள்ளியும் குறியும் இடும் முறை குறித்து அல்முஹ்கம் ஆகியவற்றையும் அவர் இயற்றினார். பின்னது பெயரளவில் இப்னு ஸீதாவின் அகராதியை ஒத்தது, பொருளில் வேறானது.

இங்கே ஒரு நுட்பம் கருதத்தக்கது. அந்தலுஸ் மக்கள் பொதுவாக ஓதியது நாஃபிஃ இமாமின் கிராஅத்தை, வர்ஷ் அறிவிப்பின்படி. நாம் ஓதும் ஹஃப்ஸின் அறிவிப்பு அவ்வூர்ப் பள்ளிகளின் வழக்கமன்று. எனினும் அத்தானீ அதனை எகிப்தில் தாஹிர் இப்னு கல்பூனிடம் கற்று, அத்தைஸீரில் பதிவு செய்தார். தம் ஊரார் ஓதாத அறிவிப்பையும் அதே பேணுதலோடு காத்துக் கொடுத்தது இக்கலையின் நேர்மைக்குச் சான்று.

அத்தானீயிடம் கற்றவர் அபூ தாவூத் சுலைமான் இப்னு நஜாஹ். அவரிடம் கற்றவர் பலன்ஸியாவின் இப்னு ஹுதைல். அவரிடம் கற்றவர் இமாம் ஷாத்திபீ (ரஹ்). தானியாவுக்கு மேற்கே, உள்நாட்டில், காகிதத் தொழிலால் பெயர் பெற்றிருந்த ஷாத்திபா நகரில் ஹிஜ்ரி 538இல் பிறந்தவர் ஷாத்திபீ. அவரும் கண் பார்வை அற்றவரே. அத்தைஸீரை 1173 அடிகள் கொண்ட செய்யுளாக்கினார். அதுவே ஷாத்திபிய்யா எனப் புகழ்பெற்ற நூல். கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்து, அல்காழீ அல்ஃபாழிலின் மத்ரஸாவில் கற்பித்து, ஹிஜ்ரி 590இல் (1194) அங்கு மறைந்தார். கெய்ரோவிலிருந்து அவரது செய்யுள் உலகெங்கும் பரவியது.

நம் மக்தபுகளில் சிறுவர்க்கு ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுகள், 'யா அய்யுஹா' என்னுமிடத்தில் முதற்சொல்லை நான்கு அல்லது ஐந்து ஹரகத்து அளவு நீட்டச் சொல்வர். ஹஃப்ஸின் அறிவிப்புக்கு வேறு வழிகளில் இரண்டு ஹரகத்தாகக் குறுக்குதலும் உண்டு. ஷாத்திபிய்யா வழியில் அதற்கு இடமில்லை. ஆகவே காயல்பட்டினத்துச் சிறுவன் அவ்விடத்தில் குரலை நீட்டும்போது, அவன் அறியாமலேயே தானியாவின் பாடத்தைப் பின்பற்றுகிறான். 1924இல் கெய்ரோவில் அச்சான முஸ்ஹஃபும், பின்னர் மதீனாவில் அச்சாகி நம் ஹாஜிகள் கொணரும் முஸ்ஹஃபும் எழுத்தமைதியில் அத்தானீ, அபூ தாவூத் ஆகிய இருவரையே ஆதாரமாகக் கொண்டவை.

1609இன் துறைமுகம்

1244இல் அரகோன் மன்னர் முதலாம் ஹைமேயின் படைகள் தானியாவைக் கைப்பற்றின. ஷாத்திபாவும் அவ்வாண்டே வீழ்ந்தது. முஸ்லிம் உழவர்கள் ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகள் அங்கேயே அடங்கி வாழ்ந்தனர். 1521இல் எழுந்த கிளர்ச்சியின்போது பலருக்கு வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. 1525இல் அரசாணையே அதனை அனைவருக்கும் கட்டாயமாக்கியது. அது முதல் அவர்கள் மோரிஸ்கோக்கள் எனப்பட்டனர்.

1609 செப்டம்பர் 22 அன்று வலென்சியாவில் வெளியேற்ற ஆணை பறையறிவிக்கப்பட்டது. அதற்குப் பின்னிருந்தவர்களுள் முதன்மையானவர், மூன்றாம் பிலிப்பு மன்னரின் பேரமைச்சர் லெர்மா கோமகன்; டெனியாவின் பிரபுப் பட்டமும் அவருடையதே. அக்டோபர் தொடக்கத்தில் முதற்கப்பல்கள் புறப்பட்ட துறைகளுள் ஒன்று அவரது டெனியா. அருகிலுள்ள லாகுவார் பள்ளத்தாக்கின் மக்கள் மலையேறி எதிர்த்து நின்று, நவம்பரில் அழிக்கப்பட்டனர். வலென்சியா நாட்டிலிருந்து மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்கக் கரையில் இறக்கப்பட்டனர். குழந்தைகள் பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர்; கரையிறங்கியோருள் பலர் வழிப்பறிக்கும் பசிக்கும் இரையாயினர். டெனியாத் துறைமுகத்தில் அவர்கள் கப்பலேறிய காட்சியை வைசெந்த் மெஸ்த்ரே என்னும் ஓவியர் சில ஆண்டுகளிலேயே தீட்டினார். அவ்வோவியம் இன்றும் உள்ளது. வெறிச்சோடிய சிற்றூர்களில் மயோர்க்காத் தீவினர் பலர் குடியேற்றப்பட்டனர். அத்தீவோ ஒரு காலத்தில் தானியாவின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

இன்று அதே கரையில் ஆகஸ்ட் மாதந்தோறும் 'மூர்களும் கிறிஸ்தவர்களும்' என்னும் விழா நடைபெறுகிறது. உள்ளூர் மக்களே தலைப்பாகையும் பட்டும் அணிந்து மூர்களாக அணிவகுக்கின்றனர். அதனைப் பகைமை என்று மட்டும் கொள்வது முறையாகாது. அது ஊரார் கொண்டாட்டமாகிவிட்டது. ஆனால் வேடத்தில் தெரியும் மூர் வாளேந்தியவன் மட்டுமே. ஓலையும் மைக்கூடும் ஏந்தி அத்தானீயின் முன் அமர்ந்திருந்த மாணவனை அவ்விழா அறியாது. இமாமின் கபுறு இன்னதென்று காட்டும் கட்டிடமும் எஞ்சவில்லை.

அங்குச் செல்லும் வாய்ப்புப் பெறுவோர் கோட்டையேறிக் காட்சியகத்திலுள்ள இஸ்லாமிய காலத்து வெண்கலப் பொருட்களைக் காண்க. மதில் மேலிருந்து துறைமுகத்தையும் காண்க. இரு புறப்பாடுகளை அத்துறைமுகத்தோடு இணைத்து எண்ணுதல் தகும். மக்களின் புறப்பாடு 1609இல் வாளின் முனையில் நிகழ்ந்தது. அறிவின் புறப்பாடு அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஆசிரியர் நாவிலிருந்து மாணவர் செவிக்கு, எவரும் தடுக்க இயலாத வகையில் நிகழ்ந்து முடிந்திருந்தது. பார்வையற்ற ஒருவரின் நினைவாற்றலில் ஏறி அது கெய்ரோ சேர்ந்தது.

நம் நாட்டில் குரல் வளத்துக்குப் பரிசளிக்கும் கிராஅத் போட்டிகள் பெருகியுள்ளன, அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் பட்டமளிப்பு நாளில் ஸனதைப் பெறும் மாணவனுக்கு அதிலுள்ள பெயர்கள் வெறும் ஒலிகளாக நின்றுவிடலாகாது என்பது நம் கருத்து. அத்தானீ எவ்வூரார், ஏன் ஊர் மாறினார், ஷாத்திபீ ஏன் எகிப்தில் அடங்கினார் என்பவற்றை ஒரு பருவப் பாடமாகவேனும் அரபுக் கல்லூரிகள் கற்பித்தல் வேண்டும். அல்ஹம்ராவின் சுவர்களை ஸ்பெயின் அரசு பழுது பார்த்துக் காத்து வருகிறது. தானியாவின் செல்வத்தைக் காக்கும் பொறுப்போ, உஸ்தாதின் முன் அமர்ந்து பிழை திருத்திக்கொள்ளும் ஒவ்வொரு மாணவனிடமும் உள்ளது.